சுருள் மூடியும் உப்புக்காற்றும்: பிக்கப் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு நான் வாங்கிய, திறந்தால் சுருண்டு ஒரு பெட்டிக்குள் போய்விடும் சுருள் மூடியுடன் ஒரு பராமரிப்புக் கையேடு வந்தது. அதில் பாதிக்கு மேல் பனிக்காலத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள்: மூடியின்மேல் பனி நிற்கலாமா, உறைந்துபோன பூட்டை எப்படி இளக்குவது, பனியை எதைக் கொண்டு தள்ளுவது என்று. உச்சிப்புளியில் இருப்பவனுக்கு இந்தப் பக்கங்கள் எதற்கு என்று அப்போது மூடி வைத்துவிட்டேன். ஓராண்டு கழித்து, மூடி பாதி திறந்த நிலையில் இறுகி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்ற அன்றுதான் அந்தப் பக்கங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். பனி என்று வரும் இடங்களில் மணல் என்று வைத்துப் படித்தால், பெரும்பாலும் நம் கடற்கரைக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

நாட்டுப்படகுகளின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று வாரத்தில் ஐந்து நாள் அலைச்சல். ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், ஆயில் சீல், மின்சுருள் என்று நனையக்கூடாத பொருள்கள் தொட்டியில் இருக்கும். தார்ப்பாயைக் கயிறு போட்டுக் கட்டி அவிழ்ப்பதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போகிறது என்பதால்தான் சுருள் மூடிக்கு மாறினேன். மாறியதில் எனக்கு நிறைவே. ஆனால் தார்ப்பாயை உதறினால் போதும். சுருள் மூடிக்கு அப்படி இல்லை.

என் மனைவியின் அண்ணன் கனடாவில் கால்கரி நகரத்தில் இருக்கிறார். அவரிடமும் இதே வகை மூடி உண்டு. அங்கே குளிர்காலத்தில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். என் மூடி இறுகிய கதையைத் தொலைபேசியில் சொன்னதும் அவர் கேட்டார்: "மாப்பிள்ளை, மேல கெடக்குறதத் தள்ளிட்டுத்தான தொறந்தீங்க? தள்ளாமத் தொறந்தா அம்புட்டும் பொட்டிக்குள்ள போயிரும். இங்க உள்ள போன பனி ராத்திரில கல்லாயிரும்." நம் ஊரில் கல்லாவது மணலும் உப்பும். இந்த விளக்கம் முழுவதற்கும் அடிப்படை அவர் சொன்ன அந்த ஒரு செய்திதான்: திறக்கும்போது மூடியின்மேல் இருப்பது எதுவோ அதுவே சுருளுக்குள் போகிறது.

படி 1: உறுப்புகளை அறிந்துகொள்ளுதல்

மூடி என்பது குறுக்குவாட்டில் அடுக்கிய அலுமினியப் பட்டிகள். அவை ஒன்றோடொன்று கோத்து, தொட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் பொருத்திய சேனல்கள் எனும் நீளமான காடிகளுக்குள் வழுக்கிச் செல்லும். கேபினை ஒட்டியுள்ள பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். இழுவிசைக்காக உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பெட்டியின் இரு மூலைகளிலிருந்தும் வடிகுழாய்கள் கிளம்பி, தொட்டியின் அடித்தளத் துளை வழியாக வண்டிக்குக் கீழே இறங்கும். சேனல்களைத் தொட்டிச் சுவரோடு கிளாம்புகள் பிடித்திருக்கும்.

ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தில் பெட்டியின் முனையை அடைத்திருக்கும் மூடியை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் விரலைப் பதம் பார்த்துவிடும். அதைப் பொருத்துநரிடம் விட்டுவிடுங்கள்.

படி 2: திறப்பதற்கு முன் தள்ளுதல்

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில், மண்டபத்துக்குக் கிழக்கே சாலையோரம் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினாலே மூடியின்மேல் மெல்லிய மணல் படிந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் சொல்லவே வேண்டியதில்லை. மென்மையான முடிகள் கொண்ட ஒரு தூரிகையை வண்டியில் எப்போதும் வைத்திருங்கள். கேபின் பக்கத்தில் தொடங்கிப் பின்கதவை நோக்கித் தள்ள வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் மணலைப் பெட்டியின் வாயில் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். கனடாவிலும் பனியை இதே திசையில்தான் தள்ளுகிறார்கள். அதன்பின் இரு பக்கச் சேனல்களின் விளிம்பையும் ஒருமுறை தூரிகையால் இழுத்துவிட்டு, பிறகு பூட்டைத் திறக்கலாம். முழு வேலைக்கும் ஒரு நிமிடம் போதும்.

வேலிக்கருவை நிழலில் வண்டியை நிறுத்தும் வழக்கம் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் உண்டு, வேறு நிழல் கிடைப்பது அரிது. அதன் சிற்றிலைகள் அரிசியைவிடச் சற்றே பெரியவை. உதிர்ந்தால் சேனலின் இடுக்கில் வரிசையாக உட்கார்ந்து, முதல் மழையில் ஊறிக் களிம்பாகி, வடிகுழாயின் வாயை அடைக்கின்றன. எனக்கு மூடி இறுகியதற்கு மணலோடு இந்தக் களிம்பும் காரணம். நிழல் வேண்டுமென்றால் நிறுத்துங்கள். கிளம்பும்போது சேனலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: நல்ல தண்ணீரில் கழுவுதல்

புதியவர்கள் அதிகமாகத் தவறு செய்யும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்துவந்து வண்டியின்மேல் படியவைக்கிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே அதைச் செய்துவிடும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், பகலில் காய்ந்து கிடந்த உப்பு இரவில் ஈரமாகி, அலுமினியத்தின் மேற்பூச்சில் கீறல் விழுந்த இடம் எதுவோ அங்கே அரிக்க ஆரம்பிக்கும். கனடாவிலும் உப்புத் தொல்லை உண்டு. பனியைக் கரைப்பதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள், அது சக்கரம் வழியாகக் கீழிருந்து வருகிறது. நமக்கு மேலிருந்து வருகிறது என்பதால் மூடிதான் முதலில் அடி வாங்குகிறது.

வாட்டர் சர்வீஸில் கொடுத்துக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். கடலை ஒட்டிய ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கரிப்பாக இருக்கும். அதில் கழுவி அப்படியே காயவிடுவது, உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைப்பது. சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. கருப்பு நிற மூடியின்மேல் அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவிடுங்கள். நல்ல தண்ணீராக இருந்தால் தடம் தெரியாது, அல்லது மங்கலாகத் தெரியும். கரிப்புத் தண்ணீராக இருந்தால் சொட்டின் நடுப்பகுதி தெளிவாகவும், விளிம்பில் நகத்தால் சுரண்டக்கூடிய வெள்ளை வளையமாகவும் காயும். நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்தும் பார்க்கலாம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை. மூடியைக் கழுவவும் 500-க்குள் இருக்கும் தண்ணீரையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தள்ளுவண்டியில் குடம் வைத்துக் குடிநீர் கொண்டுவரும் ஊரில் வண்டி கழுவ நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எனவே முதல் கழுவலுக்குப் போர்த் தண்ணீரையே தாராளமாகப் பயன்படுத்தி மணலையும் தடித்த உப்பையும் இறக்கிவிட்டு, இறுதியாக ஒரே ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுத்து, துணியில் நனைத்துப் பட்டி பட்டியாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். பத்து லிட்டர் வாளி போதும். மாடியில் மழைநீர் சேமிக்கும் தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்த தண்ணீர் கிடையாது. வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். தனுஷ்கோடி, மூக்கையூர் போன்ற இடங்களுக்குப் போய்வந்தால் அன்று மாலையே செய்துவிடுவது நல்லது. உயரழுத்தக் குழாயைச் சேனல் இடுக்கிலும் பெட்டியின் வாயிலும் காட்டக் கூடாது. அது அழுக்கை வெளியே எடுக்காமல் உள்ளே தள்ளிவிடும்.

படி 4: ஐப்பசிக்கு முன் வடிகுழாய்களைச் சோதித்தல்

சுருள் மூடி மழையைத் தடுக்கும் கூரை அன்று. பட்டிகளின் ஓரத்தில் இறங்கும் நீரைச் சேனலில் வாங்கி, வடிகுழாய் வழியாக வெளியேற்றும் அமைப்பு அது. குழாய் அடைத்தால் நீர் தொட்டிக்குள்தான் விழும். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஒன்றரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள மூடியின்மேல் 40 செ.மீ. மழை என்றால் 900 லிட்டர் தண்ணீர்! அதில் ஒரு பகுதி சேனலுக்கு வந்தாலும், விரல் பருமன் உள்ள இரண்டு குழாய்கள் அதை வாங்கியாக வேண்டும்.

சோதனை எளிது. மூடியைப் பாதி திறந்து வைத்து, பெட்டியின் இடது மூலையில் சேனலுக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உதவிக்கு ஒருவரை வண்டியின் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றத் தொடங்கிய சில நொடிகளில் கீழே தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பாதி அடைப்பு. விழாமலே நின்றால், குழாயை மேல் இணைப்பிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கீழ் முனையிலிருந்து பஞ்சர் கடைக் காற்றை ஊதிவிடுங்கள். குழாய் பொருத்திய நிலையிலேயே காற்று அடித்தால் இணைப்பு பிதுங்கிக்கொள்ளும். வலது மூலைக்கும் இதையே செய்யுங்கள்.

ஒருமுறை எனக்குக் காற்றுக்கும் அசையாத அடைப்பு இருந்தது. குழாயை வெட்டிப் பார்த்தால், உள்ளே மண்குளவி நேர்த்தியாகக் கட்டிய களிமண் அறைகள் மூன்று. அது கோடையிலேயே கட்டி முடித்திருந்தது. நான் கவனித்தது கார்த்திகை மழையில் இரண்டு கார்புரேட்டர்கள் தண்ணீரில் ஊறிய பிறகு. அன்று முதல் குழாயின் கீழ் முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைச் சுற்றி, நைலான் பட்டையால் இறுக்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த வலையையும் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும்.

படி 5: வழுக்குப் பூச்சு

சேனலிலும் ரப்பர் பீடிங்கிலும் சிலிகான் ஸ்பிரே மட்டுமே அடிக்க வேண்டும், அதுவும் கழுவி முழுதாக உலர்ந்த பிறகு. என் மூடி முதன்முதலில் கரகரத்தபோது ஒரு பட்டறையில் சேனல் முழுவதும் கிரீஸ் தடவிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வெண்ணெய்போல் ஓடியது. மூன்றாம் நாள் கிரீஸில் மணல் ஒட்டி உப்புத்தாள்போல் ஆகிப் பட்டிகளின் ஓரத்தைத் தேய்த்துவிட்டது. பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரையும் ஊதிப்போகச் செய்யும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பூட்டுத் துளைக்குக் கிராஃபைட் தூள் நல்லது.

படி 6: போல்ட்டுகளைப் பார்த்தல்

அவுட்போர்டு மோட்டாரின் காலில் துத்தநாகக் கட்டி ஒன்று திருகியிருப்பதைக் கடற்கரையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் எளிதில் அரிபடுவது கரையும். மோட்டாரின் கால் கரையாதிருக்கத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துவிடுகிறது. சுருள் மூடியில் அப்படி ஒரு கட்டி கிடையாது. எஃகு போல்ட் அலுமினியச் சேனலைத் தொடும் இடத்தில், கரைவது சேனல்தான்.

ஒரு கிளாம்ப் போல்ட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றி மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அந்தத் தூளை நைலான் தூரிகையால் தேய்த்தெடுத்து (கம்பித் தூரிகை மேற்பூச்சை உரித்துவிடும்), நல்ல தண்ணீரில் துடைத்து, உலரவிட்டு, போல்ட்டின் தலைக்கும் சேனலுக்கும் நடுவே ஒரு நைலான் வாஷரைக் கொடுத்து மீண்டும் முடுக்குங்கள். வாஷரின் விலை சில ரூபாய்தான். புதிய சேனலின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

படி 7: உள்ளே வைக்கக் கூடாதவை

ஐஸ் போட்ட மீன் பெட்டியை மூடிய தொட்டிக்குள் ஏற்றாதீர்கள். உருகும் நீர் வெயிலில் சூடேறிய தொட்டிக்குள் ஆவியாகி, பட்டிகளின் அடிப்புறத்தில் ஈரமாகப் போய்ப் படியும். அந்தப் பக்கத்தை யாரும் துடைப்பதில்லை. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூடியை முழுவதும் திறந்து வைத்து ஓட்டுங்கள். பாதி திறந்து பூட்டாமல் ஓட்டுவதும் கூடாது. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று பட்டிகளைத் தடதடவென்று தூக்கிப் போடும். நனையக்கூடாத உதிரிப்பாகங்களை, வடிகுழாய் எவ்வளவு நன்றாக ஓடினாலும், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

படி 8: ஆண்டுக்கொருமுறை இறக்குதல்

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு வைத்திருப்போரின் மீன் வண்டிகள் அப்போது ஓய்வில் இருக்கும், மழையும் குறைவு. மூடியை இறக்க அதுவே தக்க நேரம். இருவர் வேண்டும். வடிகுழாய்களை முதலில் கழற்றி, பின்பு கிளாம்புகளைத் தளர்த்தி, மூடியைப் பெட்டிக்குள் முழுவதும் சுருட்டிப் பூட்டிய நிலையில் சேனல்களோடு தூக்கிப் பாயின்மேல் வையுங்கள். தொட்டிச் சுவரில் சேனல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஓராண்டு மணல் கோடாகப் படிந்திருக்கும். அதைக் கழுவி, பெயின்ட் உரிந்திருந்தால் தொட்டுப் பூசி உலரவிட வேண்டும். திரும்பப் பொருத்தும்போது இரு சேனல்களுக்கும் இடையே உள்ள அகலத்தை முன்னும் நடுவிலும் பின்னும் நாடாவால் அளந்து, மூன்றும் ஒன்றாக இருக்கும்படி வைத்து முடுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பாருங்கள். புதிய நைலான் வாஷர்கள் அழுந்தி இடம் பிடித்ததும் சற்றுத் தளர்ச்சி கொடுக்கும்.