பழைய ஆம்பிபியன் விமானம்: ஓட்டக் கற்பதிலிருந்து சொந்தமாக்குவது வரை

தண்ணீரிலும் ரன்வேயிலும் இறங்கக்கூடிய பழைய விமானம் ஒன்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனை விளம்பரங்களில்தான் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். தண்ணீரில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று கைக்குப் பழகிய பிறகுதான், எந்த விமானம் உங்களுக்குச் சரிப்படும் என்பதே விளங்கும். இந்தப் பழைய விமானங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை. அதனால் கீழே வரும் விதிகளும் அந்த நாட்டினுடையவை.

படி 1: தகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தரையில் இறங்கும் விமானத்துக்கான பைலட் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் வேலை சுலபம். ஒற்றை எஞ்சின் நீர்விமானத் தகுதிக்கு மறுபடி எழுத்துத் தேர்வு கிடையாது. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கும் கிடையாது. பயிற்றுநர் ‘தயார்’ என்று கையெழுத்திட்டதும், தேர்வு நடத்துபவர் முன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பறந்து காட்ட வேண்டும். ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவனில் உள்ள ஜாக் பிரவுன்ஸ் சீப்ளேன் பேஸ் 1963 முதல் இதைத்தான் செய்துவருகிறது. அங்கே மிதவை பூட்டிய பைப்பர் கப் விமானங்களில் சொல்லித் தருகிறார்கள். அது ஆம்பிபியன் இல்லையே என்று தயங்க வேண்டாம். தண்ணீரைப் படிக்க எளிய விமானம்தான் நல்லது. ஏற்றி இறக்கும் சக்கரம், கோணம் மாற்றும் புரொப்பல்லர் உள்ள விமானத்துக்குத் தனியாக ஒரு ஒப்புதல் வேண்டும். அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: தண்ணீரில் ஓட்டப் பழகுங்கள்

முதல் அதிர்ச்சி, பிரேக் இல்லை என்பது. எஞ்சின் உயிர்பெற்ற நொடியிலேயே விமானம் நகரத் தொடங்கும். நின்ற இடத்தில் வைத்து எஞ்சினைச் சோதிக்க முடியாது, போகிற போக்கில்தான் சோதிக்க வேண்டும். சும்மா விட்டால் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும். கரையை நெருங்கும்போது எஞ்சினை எப்போது நிறுத்துவது என்பதைக் காற்றைப் பார்த்து முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

கிளம்பும்போது, தண்ணீரில் திசை திருப்ப உதவும் நீர்ச்சுக்கானைத் தூக்கிவிட்டு, ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைத்தண்டு) வயிற்றோடு இழுத்துப் பிடித்து, த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கத் தள்ளுங்கள். மூக்கு எழும்பும், முன்னால் ஒன்றும் தெரியாது. எழும்புவது நின்றதும் ஸ்டிக்கை மெல்லத் தளர்த்தினால், மிதவை தண்ணீரைக் கிழிப்பதை விட்டு மேலே ஏறி வழுக்க ஆரம்பிக்கும். இதை ‘ஸ்டெப்பில் ஏறுவது’ என்பார்கள். அங்கே சரியான மூக்கு நிலை ஒன்று உண்டு, விரல் அளவுதான் இடைவெளி. அது தவறினால் விமானம் முன்னும் பின்னுமாகத் துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதைத் துரத்தி அடக்கப் பார்க்காதீர்கள். த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைப் பின்னால் பிடித்து, வேகம் குறைந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

அலையைவிட ஆபத்தானது அசையாத தண்ணீர். கண்ணாடி மாதிரி கிடக்கும் ஏரியில் மேற்பரப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பத்தடி உயரத்தில் இருக்கிறோமா, ஐம்பதா என்று அனுபவசாலிக்கும் பிடிபடாது. அதனால் இங்கே கண்ணை நம்பாமல் கருவியை நம்பி இறங்க வேண்டும். கரையோரம் தாழ்வாக வந்து, உயரத்தைக் கரையிலுள்ள மரங்களை வைத்துக் கணித்து, மூக்கை இறங்கும் நிலையில் லேசாகத் தூக்கி, கொஞ்சம் எஞ்சின் விசையோடு நிமிடத்துக்குச் சுமார் 150 அடி என்ற வேகத்தில் இறங்குங்கள். அதன் பிறகு எதையும் மாற்றக் கூடாது. ‘இதோ வந்துவிட்டது’ என்று தோன்றினாலும் மூக்கை இழுக்காதீர்கள். தண்ணீர் தொட்ட பிறகுதான் த்ராட்டிலை மூட வேண்டும். இப்படி இறங்க நீளமான நீர்ப்பரப்பு தேவை என்பதால், சின்ன ஏரியில் முயலவே கூடாது.

படி 3: சக்கரம் எங்கே இருக்கிறது?

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சக்கரத்தை இறக்காமல் ரன்வேயில் இறங்கினால் அடிப்பகுதி உராயும், செலவு வைக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். சக்கரம் கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் விமானம் சட்டென்று மூக்குக் குத்தித் தலைகீழாகக் கவிழும். இது நடப்பது பெரும்பாலும் ரன்வேயிலிருந்து கிளம்பிப் பக்கத்து ஏரிக்குப் போகும் சின்னப் பயணத்தில்தான்: சக்கரத்தைத் தூக்க மறந்திருப்பார்கள், அல்லது தரைப்பழக்கத்தில் கை தானாக இறக்கிவிட்டிருக்கும்.

வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் மருந்து: “இது தண்ணீர் இறக்கம். இடது சக்கரம் மேலே. வலது மேலே. முன்சக்கரம் மேலே.” விளக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்தையே, அல்லது அதைக் காட்டும் கண்ணாடியைப் பாருங்கள். இறங்கும் முன் குறைந்தது இரண்டு தடவை சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பழகுங்கள். கதவைத் திறந்து, நிலையான ஒரு பிடியைக் கையால் பற்றிய பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உயிர்காப்பு அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது, ஊதினால் அது உங்களை, தலைகீழானதால் இப்போது மேலே இருக்கும் விமானத் தரையோடு அழுத்திவிடும்.

படி 4: எந்த விமானம்?

ரிபப்ளிக் சீபீ 1946-47இல் 1,060 வரை செய்யப்பட்டது. நான்கு பேர் உட்காரலாம், முன்கதவைத் திறந்து படகுபோலக் கரையில் கட்டலாம். ஆனால் 215 குதிரைசக்தி ஃபிராங்க்ளின் எஞ்சின் அதற்குப் போதவில்லை என்பது பழைய புகார். பலர் வேறு எஞ்சின் பொருத்திவிட்டார்கள். எஞ்சின் நின்றால் சீபீ காற்றில் மிதந்து வராது, விழுவதுபோல் இறங்கும்.

லேக் எல்.ஏ.-4 என்பது 1948இல் பறந்த காலனியல் ஸ்கிம்மரின் வாரிசு. எஞ்சின் முதுகின் மேல் தூணில் நிற்கிறது. அதனால் த்ராட்டிலைத் தள்ளினால் மூக்கு கீழே போகும், இழுத்தால் மேலே வரும். மற்ற விமானங்களில் பழகிய கைக்கு இது நேர் எதிர். அந்த ரகத்தையே தெரிந்த பயிற்றுநரிடம் கற்காமல் தொடாதீர்கள். கற்றுக்கொண்டால் முதல் ஆம்பிபியனுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கிரம்மன் விட்ஜன், கூஸ் இரண்டும் அழகானவை, இரட்டை எஞ்சின் கொண்டவை. 1937இல் முதலில் பறந்த கூஸுக்கு 450 குதிரைசக்தி எஞ்சின் இரண்டு. தொடக்கக்காரர் பார்த்து ரசிக்கலாம், அத்தோடு சரி.

படி 5: வாங்கும் முன்னும் பின்னும்

பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த ரகத்தில் வேலைசெய்த மெக்கானிக்கை அழைத்து, தரைப்பலகைகளைத் தூக்கி, அடிவயிற்றின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி, உப்பிய உலோகம், ஆடும் ரிவெட் இருந்தால் துரு உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். உப்புநீரில் வாழ்ந்த விமானமா என்று பதிவேட்டைப் புரட்டிக் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசுங்கள். அந்த ரகத்தில் இத்தனை மணி நேரம் பயிற்றுநரோடு பறந்தால்தான் காப்பீடு என்று சொல்வார்கள், சில சமயம் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள்.

வாங்கிய பிறகு, உப்புநீரில் இறங்கிய நாளிலேயே நன்னீரில் முழுக்கக் கழுவ வேண்டும், சக்கரக்குழி உட்பட. வண்டல், களை எதுவும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள், வழக்கத்தைவிட அதிகமானால் எங்கோ கசிவு. வடிப்பதற்காகக் கழற்றும் அடைப்பான்களை எண்ணி, பைலட் இருக்கையின் மேலேயே வையுங்கள். அவற்றை மறுபடி பூட்டாமல் உங்களால் உட்காரவே முடியாது.