வடார்க்காட்டுக் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடார்க்காடு, அதாவது வேலூர்ப் பக்கத்துக் கதை என்று வருகிற பல சிறுகதைகளில், ஆட்கள் வாய் திறந்ததும் நமக்கு வடசென்னைதான் ஞாபகம் வருகிறது. ‘இன்னா’, ‘கீது’, ‘குந்து’, ‘வூட்டாண்ட’ எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். அதை நம்பி, சினிமாவில் கேட்ட பேச்சை அப்படியே குடியாத்தத்துக் கிழவியின் வாயில் வைத்துவிடுகிறார்கள். சினிமா அந்தச் சொற்களைச் சண்டைக்கும் கிண்டலுக்கும் பழக்கிவைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் கிழவியோ அதே சொற்களில்தான் சாவுச் செய்தி சொல்வாள், சாமியிடம் நியாயம் கேட்பாள், பேத்தியைத் தூங்க வைப்பாள். “நைனா வந்துனு கீறாரு, நீ துன்னுட்டுப் படும்மா” என்ற வரியில் ரவுடித்தனம் எங்கே இருக்கிறது? பரிவுதான் இருக்கிறது. அந்தப் பரிவு காதில் விழாதவர்கள் இந்த வழக்கை எழுதாமல் இருப்பதே மேல்.

அடுத்த தவறு, எல்லாரையும் ஒரே மாதிரி பேசவைப்பது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உருது, கடைத்தெருவில் தமிழ் என்று இருக்கிற குடும்பங்கள் நிறைய. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. சித்தூர் கூப்பிடு தூரம்தான். ஒரே ஆள்கூட ஆளுக்குத் தகுந்தபடிதான் பேசுவான். முதலாளியிடம் “வர்றேனுங்க” என்பவன், பெண்டாட்டியிடம் “வரேன் இருமே” என்பான். கல்லூரிக்குப் போகிற மகள் தாயிடம் ஒரு விதமாகவும் தோழியிடம் வேறு விதமாகவும் பேசுவாள். யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார்கள் என்பதை முடிவு செய்துகொண்டு வசனத்தைத் தொடுங்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற தூரம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

கதை முழுவதையும் வழக்கிலேயே சொல்லலாம். கரிசல் பேச்சில் கி.ராஜநாராயணன் அதைச் செய்து காட்டினார். ஆனால் கதைசொல்லியின் குரல் ஒரு பத்தியில் ஏட்டுத்தமிழாகவும் அடுத்த பத்தியில் ‘போய்கினு’ ஆகவும் தாவக்கூடாது. ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதவும் வேண்டாம். வரிக்கு ஒன்றிரண்டு சொல் போதும், மிச்சத்தை வாசகரின் காது பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது தொழில் விஷயம். ‘அவள் பீடி சுற்றிப் பிழைத்தாள்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். முதல் நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். பிறகு தகர அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் முறத்தை வைத்து, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். சரியில்லை என்று கழித்துக்கட்டினால் அந்த உழைப்புக்குக் காசு இல்லை. கதை அந்தக் கைக்காசில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவளுடைய கண்ணீரை எழுதி என்ன பயன்? தோல் கம்பெனிக் கதைகளிலும் இதே குறைதான். நாற்றத்தைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் குறைவு.

சில தவறுகளை நாலு பேரைக் கேட்டாலே தவிர்த்துவிடலாம். பாலாற்றில் எப்போதும் தண்ணீர் ஓடவிடாதீர்கள். வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் இங்கே அதிசயம், கரையில் நின்று சனம் வேடிக்கை பார்க்கும். 1975-இல் நடக்கிற கதையில் ‘திருவண்ணாமலை மாவட்டம்’ வரக்கூடாது, அது வடார்க்காட்டிலிருந்து பிரிந்தது 1989-இல். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானது 2019-இல். தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அதற்கு முந்தைய காலத்துக் கதையில் யாரும் அந்தத் தீர்ப்பைப் பேசக்கூடாது.

கடைசியாகக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவைப் பின்னணி அலங்காரமாக வைக்காதீர்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்க, அவன் சாவை நடத்திக்காட்டும் படுகளம். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் வேறு வேலைக்குப் போகிறவர்களும் அந்தக் கூத்து ஜமாவில் (குழுவில்) உண்டு. படுகளத்தை எழுத உட்காருகிறவர்கள், அந்த மண் உருவத்தை யார் செய்கிறார்கள், செலவை எந்தத் தெரு ஏற்கிறது, யாரை எதுவரை உள்ளே விடுகிறார்கள் என்பதையெல்லாம் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.