தேதி புதிது, கர்னல் பழையது: பில்ட்ரூட்டில் செய்யும் தவறுகள்

ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைக்கு அடியில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. அளவீடு சேகரிக்கும் ஒரு சின்ன போர்டுக்கு, டிரைவர் கோளாறைச் சரிசெய்து நாகர்கோவிலில் புதிதாகக் கட்டிய லினக்ஸ் கர்னலுடன் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போயிருந்தேன். போட்டால் அதே கோளாறு. ஓடும் கர்னல் எப்போது கட்டியது என்று யூநேம் கட்டளை காட்டிய தேதியோ அன்றைக்குக் காலை.

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் போர்டுகளுக்கு லினக்ஸைக் கட்டித் தரும் கருவி பில்ட்ரூட். அதில் கர்னல் சோர்ஸ் இருக்கும் கிட் முகவரியோடு, ஒரே ஒரு நிலையைச் சுட்டும் கமிட் எண்ணுக்குப் பதில், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பிராஞ்ச் பெயரைக் கொடுத்திருந்தேன். பில்ட்ரூட் முதல் தடவை எடுத்ததைச் சுருட்டி டிஎல் (டவுன்லோடு) ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அப்புறம் பெயர் மாறாதவரை அதையே எடுக்கும். கட்டியதையெல்லாம் அழிக்கும் ‘மேக் கிளீன்’ கூட அந்த ஃபோல்டரைத் தொடாது. ஆகவே தேதி புதுசு, உள்ளே போன வாரச் சரக்கு. கமிட் எண்ணையோ, ஒரு கமிட்டுக்கு வைத்த நிலையான பெயரான டேகையோ கொடுங்கள்.

அவுட்புட் ஃபோல்டருக்குள் விரிந்து கிடக்கும் கர்னலிலேயே திருத்துவது இன்னொரு வம்பு. அது வெறும் நகல். ஒரு ‘மேக் கிளீன்’, மூன்று நாள் வேலை போச்சு. “கிட்ல போட்டிருக்கலாம்லா மக்கா” என்றார் நண்பர். கர்னல் அமைப்புகளை லினக்ஸ் மெனுகான்ஃபிகில் மாற்றியதும் இப்படித்தான் போகும். ‘லினக்ஸ் அப்டேட் டெஃப்கான்ஃபிக்’ கொடுத்துச் சேமியுங்கள்.

சரி, சோர்ஸைத் தனியே வைத்து, ‘இந்த ஃபோல்டரிலிருந்து எடு’ என்று சொல்லும் ஓவர்ரைடு வழியாகக் காட்டலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்த வழியில் பில்ட்ரூட் பேட்ச் (திருத்தக் கோப்பு) எதையும் போடாது, நாமே போட்டிருக்க வேண்டும். அந்த சோர்ஸை முன்பே எங்காவது கம்பைல் செய்திருந்தால் பழைய குப்பையும் சேர்ந்தே நகலாகும். முதலில் அதில் ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ கொடுத்துத் துடைத்துவிடுங்கள். திருத்திய பிறகு ‘லினக்ஸ் ரீபில்ட்’ மட்டும் போதாது. கூடவே ‘மேக்’ கொடுத்தால்தான் போர்டில் ஏற்றும் ரூட் ஃபைல் சிஸ்டம் இமேஜுக்குள் புது மாட்யூல்கள் போகும்.

ஹெடர் (மற்ற புரோகிராம்களைக் கட்டும்போது பார்த்துக்கொள்ளும் கர்னல் விவரக் கோப்புகள்) விஷயத்தில் மட்டும் அசட்டையே கூடாது. வேறொரு வேலையின் கான்ஃபிகைக் காப்பியடித்ததில் ஹெடர் புதிய கர்னலுடையதாக இருந்தது. சிப் கம்பெனி தந்த கர்னலோ 5.10. கட்டும்போது ஒரு முணுமுணுப்பும் இல்லை. போர்டில் மின்சாரம் கொடுத்ததும் சீரியல் திரையில் வரிகள் ஓடி, கடைசியில் ‘ஃபேட்டல்: கர்னல் டூ ஓல்டு’ என்று வந்தது. அடுத்த வரியில் பேனிக், கர்னல் அப்படியே நின்றுவிட்டது. எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி, தான் எந்த ஹெடரை வைத்துக் கட்டப்பட்டதோ அதைவிடப் பழைய கர்னலில் ஓட மறுத்துவிட்டது. அது பழைய ஜிலிப்சி, 2.36-லிருந்து இந்தச் சோதனை இல்லை. ஹெடரை 5.10-க்கு இறக்கினேன். டூல்செயினே (கம்பைலரும் லைப்ரரியும் சேர்ந்த கருவித் தொகுப்பு) மாறுவதால் இதில் பாதியிலிருந்து ஒப்பேற்ற முடியாது. கிளீன் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி கட்டவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.