கூட்டத்தை மட்டும் பார்த்து எழுதும் பிழை

மலையகத்தில் உயர்தர மாணவர்களுக்குச் சேதன இரசாயனம் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வொரு புதிய வகுப்பின் விடைத்தாளிலும் அதே பிழைகள் தலைகாட்டுவது வருத்தம் அளிக்கிறது. சமன்பாட்டைச் சமப்படுத்த மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பயிற்சியில் தாமாகவே மறையும்.

இணைந்திருக்கும் காபனைக் கவனியாமை

மூலக்கூறின் தாக்கங்களுக்குக் காரணமான அணுத்தொகுதியை, அதாவது தொழிற்பாட்டுக் கூட்டத்தை, மட்டும் பார்த்து, அது எந்தக் காபனில் இணைந்துள்ளது என்பதைக் கவனியாமல் எழுதுவதே அதிக புள்ளிகளைப் பறிப்பதும், இன்றும் எனக்குச் சினமூட்டுவதும். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், பென்சீனிலிருந்து தொடங்கும் மாற்றல் வினாவொன்றில், குளோரோபென்சீனை நீர்ச் சோடியம் ஐதரொட்சைட்டுடன் கொதிக்கவைத்துப் பினோலைப் பெற்றதாக எழுதியிருந்தார். அடுத்த படிகளை அவர் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தும், அவை கிடைக்காத பினோலின் மீதே கட்டப்பட்டிருந்தன. குளோரோபென்சீனில் வளையத்துடன் நேரே இணைந்த குளோரீனின் தனிச்சோடி இலத்திரன்கள் வளையத்துடன் பரிவுறுவதால் (வளையத்தினுள்ளும் பரவுவதால்), அங்குள்ள காபன்–குளோரீன் பிணைப்பு பகுதி இரட்டைப் பிணைப்பின் இயல்பைப் பெற்று வலுவடைகிறது. இலத்திரன் சோடியை வழங்கித் தாக்கும் கருநாடி பின்புறமாக நெருங்குவதையும் வளையமே தடுக்கிறது. கைத்தொழிலில் இத்தாக்கத்தை நிகழ்த்த ஏறத்தாழ 350 பாகை செல்சியசும் மிகையான அமுக்கமும் தேவைப்பட்டன. பென்சைல் குளோரைட்டிலோ, குளோரீனுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு காபன் வந்துவிடுகிறது. குளோரீன் விலகும்போது தோன்றும் காபோகற்றயனை (நேரேற்றமுள்ள காபனைக் கொண்ட அயனை) வளையம் உறுதிப்படுத்துவதால், பதிலீடு எளிதில் நிகழ்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேயிலைக் கொழுந்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ரோலரில் நசுங்கிய இலை, பச்சை மாறிச் செம்பு நிறமாவதை அவர்களுட் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். இலையிலுள்ள கற்றெச்சின் மூலக்கூறில் ஐந்து ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நிரம்பிய (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள) காபனில் இருப்பதால் அற்ககோலின் இயல்பைக் காட்டுகிறது. ஏனைய நான்கும் பென்சீன் வளையத்தில் நேரே இணைந்த பினோல் வகையின. அந்த நான்கிலும், ஒரே வளையத்தின் அடுத்தடுத்த காபன்களில் அமைந்த இரண்டே, இலையின் நொதியத்தாலும் வளியின் ஒட்சிசனாலும் ஒட்சியேற்றப்பட்டுக் குயினோனைத் தருகின்றன. இத்தகைய குயினோன்கள் இணைந்தே தேநீருக்கு நிறமளிக்கும் தியாபிளேவின்கள் உருவாகின்றன. ஆகவே, சோதனைப்பொருளை எழுதுமுன், கூட்டம் இணைந்துள்ள காபனையும் அதற்கு அடுத்த அணுக்களையும் வட்டமிட்டுப் பாருங்கள்.

வளைந்த அம்புக்குறி

பொறிமுறையில் இலத்திரன்களின் நகர்வைக் காட்டும் இந்த அம்புக்குறி, இலத்திரன்கள் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முனைவுத்தன்மையை மட்டும் நம்புதல்

அற்கைல் ஏலைட்டுகளில் (நிரம்பிய காபனில் புளோரீன், குளோரீன், புரோமீன் அல்லது அயடீன் இணைந்த சேர்வைகளில்) காபன்–புளோரீன் பிணைப்பு மிகவும் முனைவானது, அதாவது அதன் இலத்திரன்கள் ஒரு பக்கமாக மிகவும் ஈர்க்கப்பட்டுள்ளன. எனினும் பதிலீட்டில் அயடைட்டே முந்துகிறது, ஏனெனில் காபன்–அயடீன் பிணைப்பே மிக நலிந்தது.