ஊட்டி தைலம் தேய்க்கிறதுக்கு முன்னாடி

ஊட்டிக்குப் போயிட்டு யூகலிப்டஸ், புதினா, விண்டர்கிரீன்னு ஏதாவது ஒரு தைல பாட்டில் வாங்காம யாரு மலை இறங்குறா, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயும் எப்பவும் ரெண்டு நிக்கும்.

"தசைய தளர்த்தும்னு ரிசர்ச்லயே இருக்கு"ன்னு சொல்லிட்டு இடுப்புப் பிடிப்புக்கு ஊத்தித் தேய்க்கிறது தான் முதல் தப்பு. ரிசர்ச்ல இருக்கு தான், ஆனா எந்த தசைன்னு பாக்கணும்ல. லேப்ல எலி, கினிப் பன்றி மாதிரி விலங்கோட குடல் துண்டை திரவத்துல தொங்கவிட்டு எண்ணெய் சேர்த்தா சுருங்குறது குறையுதான்னு பாப்பாங்க, புதினா எண்ணெயில இருக்கிற மென்தால் கால்சியம் உள்ள போற வழிய அடைச்சிடும், கால்சியம் போகலன்னா தசை சுருங்காது. அது குடல் தசைங்க, இடுப்புல பிடிச்சிருக்கிறது வேற ரகம். மேல தேய்ச்சா மென்தால் தோல்ல குளிர் உணர்ற நரம்பைத் தட்டிவிடும், கொஞ்ச நேரம் வலி தெரியாது, அவ்ளோதான். (எனக்கு அந்த அரை மணி நேரமே போதும், அது வேற விஷயம்.)

அப்போ குடலுக்கு நல்லதுன்னு நாலு சொட்டு குடிச்சுப் பாக்கலாமான்னா, வேணாம். டாக்டர் குடுக்கிற புதினா எண்ணெய் கேப்சூல் வயித்துல கரையாம குடல்ல போய் கரையுற மாதிரி கோட்டிங் போட்டது, இல்லன்னா உணவுக்குழாய்க்குக் கீழ இருக்கிற வால்வு தசையும் தளர்ந்து நெஞ்சு எரியும்.

விண்டர்கிரீன்ங்கிற செடியோட இலையில இருந்து எடுக்கிற எண்ணெய் இன்னும் டேஞ்சர். 95 சதவீதத்துக்கு மேல மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு பங்காளி. ஒரு டீஸ்பூன்ல இருக்கிறது சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு சமம், அதாவது 325 மில்லிகிராம் மாத்திரை 20க்கு மேல, சின்னக் குழந்தை குடிச்சா உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க மேல தேய்க்கிறதுக்கே டாக்டர்கிட்ட கேக்கணும்.

தேய்ச்ச இடத்துல வெந்நீர் பை வைக்காதீங்க. எங்க அம்மா முட்டில வச்சாங்க, கால் மணி நேரத்துல செவந்து கொப்புளமே வந்துடுச்சு, ஒரு வாரம் புடவை பட்டாலே கத்துவாங்க. அப்படியே பாட்டில்ல இருந்து தேய்க்கிறதும் தப்பு தான், 30 மில்லி நல்லெண்ணெய்க்கு 12 சொட்டு தாராளம். கைக்குழந்தை மூக்குகிட்ட மென்தாலோ கற்பூரமோ கொண்டே போகாதீங்க.

அப்புறம் வாங்கினது ஒரிஜினலான்னு பாக்காம விடுறது. வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விடுங்க, நல்ல யூகலிப்டஸ் தைலம்னா பெரும்பகுதி சினியோல்ங்கிற ஆவியாகுற பொருள் தான், அப்படியே பறந்துடும், கறை நின்னா சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கு. டர்பென்டைன் கலந்திருந்தா மட்டும் இதுல மாட்டாது, அதுவும் ஆவியாயிடும். போன தடவ ரோட்டோரக் கடையில 200 ரூபா குடுத்து வாங்கினேன், மறுநாள் காலையில பாத்தா பேப்பர் பஜ்ஜி மடிச்ச மாதிரி மினுமினுன்னு இருக்கு.