நோயுற்ற நண்பருக்கு ஒரு கைத்தையல் போர்வை

நோயுற்றவரின் உடல் கனத்தைத் தாங்காது என்பதால், மெல்லிய பருத்தித் துணியையும் மெல்லிய பஞ்சு விரிப்பையுமே தேர்ந்தெடுங்கள். நிறங்கள் உங்கள் நண்பருடைய விருப்பமாக இருக்கட்டும். துணிகளை முன்கூட்டியே துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள்.

5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குல ஓரம் விட்டு, வரிசைக்கு 10 வீதம் 12 வரிசைகளை இணைத்தால், ஏறத்தாழ 45க்கு 54 அங்குலத்தில், அமர்ந்திருப்பவரின் மடியையும் கால்களையும் மூடும் போர்வை கிடைக்கும். பஞ்சும் அடித்துணியும் நாற்புறமும் 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அடித்துணி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் இணைத்த சதுரங்கள் என மூன்று அடுக்குகளையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவியபடி, நீண்ட தற்காலிகத் தையல்களால் பிணையுங்கள். குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிடக்கூடும் என்பதால், இந்தப் போர்வைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் சிறிய ஓட்டுத்தையலால் அடுக்குகளை நிரந்தரமாகத் தைத்து, ஒவ்வொரு முடிச்சையும் பஞ்சுக்குள் இழுத்து மறையுங்கள். நாள் முழுவதும் படுத்திருப்பவரைச் சிறு முடிச்சும் உறுத்தும். ஆகவே அவசரப்பட வேண்டாம். தையல் வரிகள் மிகவும் விலகியிருந்தால், துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும்.

தற்காலிகத் தையல்களைப் பிரித்து, மிகுந்த ஓரத்தை வெட்டி, விளிம்பைச் சுற்றி மூடும்படி நீளத் துணிப்பட்டி வைத்துத் தையுங்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வாசனை குமட்டலைத் தரக்கூடும் என்பதால், மணமற்ற சோப்பில் துவைத்து, முழுவதும் உலர்ந்தபின் கொடுங்கள்.