லா ஃபர்ம்ல முதல் சான்ஸ் வாங்குறது எப்படி

லா படிக்கிற நிறைய பேர் கடைசி வருஷம் வந்தப்புறம்தான் ஃபர்ம் தேட ஆரம்பிக்கிறாங்க, அது ரொம்ப லேட், ப்ளீஸ் முன்னாடியே ஆரம்பிங்க. முதல்ல உங்க ஊர் ரூல் என்னன்னு பாருங்க. இந்தியாவுல 5 வருஷ கோர்ஸ்னா 20 வாரம், 3 வருஷ கோர்ஸ்னா 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். இங்கிலாந்துல சொலிசிட்டர் (க்ளையன்ட்டுக்கு சட்ட ஆலோசனை, டாகுமென்ட் வேலையெல்லாம் பார்க்கிற வக்கீல்) ஆக 2 வருஷ வேலை அனுபவம் வேணும், அதை 4 இடம் வரைக்கும் பிரிச்சு பண்ணலாம்.

அடுத்து மெயில். ஒரே மெயிலை அம்பது ஃபர்முக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். அந்த ஃபர்ம் என்ன மாதிரி கேஸ் எடுக்குதுன்னு பார்த்து, அதுல உங்களுக்கு ஏன் ஆர்வம், எந்த தேதியிலேருந்து எந்த தேதி வரைக்கும் வர முடியும்னு அஞ்சாறு வரியில எழுதுங்க, ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். நீங்களே எழுதின ஒரு ரிசர்ச் நோட்டையும் (ஒரு சட்டக் கேள்வியை எடுத்து, சட்டமும் தீர்ப்பும் பார்த்து எழுதுற சின்னக் குறிப்பு) சேர்த்து அனுப்புங்க, என்னைக் கேட்டா மார்க்கை விட அதுக்குத்தான் மதிப்பு.

உள்ள போனதும் பெரிய வாதமெல்லாம் யாரும் தர மாட்டாங்க, ஒரு தடிமனான ஃபைலைக் குடுத்து தேதிவாரியா லிஸ்ட் போடச் சொல்லுவாங்க. அதை அலட்சியமா பண்ணாதீங்க: தேதி, என்ன நடந்துச்சு, எந்த டாகுமென்ட், எத்தனாவது பக்கம்னு டேபிள் மாதிரி நாலு கட்டமா போடுங்க, ரெண்டு டாகுமென்ட்ல தேதி ஒத்துப்போகலைன்னா தனியா குறிச்சு சீனியர்கிட்ட காட்டுங்க. தீர்ப்பு எடுத்துக் குடுக்கும்போது அது மேல்கோர்ட்ல ரத்து ஆயிருக்கான்னு கண்டிப்பா செக் பண்ணிடுங்க. க்ளையன்ட் விஷயம் எதுவும் வெளிய பேசக்கூடாது, ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல கூட.

கிளம்புறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட்டும், செஞ்ச வேலையைப் பத்தி சீனியரோட கருத்தும் கேட்டு வாங்கிக்கோங்க.